கூப்பிட்டால்தான் வருவார்கள்

அல் கோபார்
3 அக்டோபர் 2023

சித்திக்கு,

ஸ்வாதி எழுதுகிறேன். உங்கள் பழைய நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். யாரோ பாகிஸ்தான்காரர் எடுத்து, "ராங் நம்பர், பெஹன்" என்று வைத்துவிட்டார். என் கல்யாணத்துக்குப் பிறகு நம்பரை மாற்றிவிட்டீர்கள் என்று அம்மா சொன்னாள். உங்கள் கடையின் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். அதில் இந்த மெயில் முகவரி இருந்தது. 'ஆர்டர்களுக்கு மட்டும்' என்று போட்டிருந்தீர்கள். இதையும் ஓர் ஆர்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் கௌரி வேலை பார்ப்பது கொரியக் கம்பெனியின் சைட்டில். அவருக்கு மேலே இருப்பவர் சோய் சார். அடுத்த புராஜெக்டுக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரை ஊருக்கு அனுப்புவது என்பதெல்லாம் அவர் கையில்தான். அவரும் அவர் மனைவியும் வரும் வெள்ளிக்கிழமை எங்களை இங்குள்ள கொரிய ஹோட்டலுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். கௌரி இப்போதே பயந்துபோய் இருக்கிறார். "நீ ஏதாவது தப்பா கேட்டு வச்சிடாத" என்று நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். தப்பாகக் கேட்கக்கூட எனக்கு ஒரு வார்த்தை தெரியாது.

யூடியூபில் பார்த்தேன். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீங்கள் கொரியாக்காரர் வீட்டிலேயே சமையல் செய்தவர், இப்போது அவர்களுக்கே சோறு போட்டுச் சம்பாதிப்பவர். சாப்பாட்டு மேசையில் எதை எப்படிக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்டால் மரியாதை என்று எழுதி அனுப்ப முடியுமா?

வேறு எதைப் பற்றியும் இதில் எழுதவில்லை.

அம்மா நலம். அப்பா நலம்.

ஸ்வாதி


ராஸ் அல் கைமா
5 அக்டோபர் 2023

ஸ்வாதி,

ஆர்டர் என்று சொல்லிவிட்டாய். ஆர்டர் என்றால் நான் தாமதம் செய்வதில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். கொரியாக்காரர் ஹோட்டலில் கூப்பிட்டால்தான் வருவார்கள். நம்மூரில் இலையில் சோறு குறைவதைப் பார்த்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான். கேட்டால்தான் போடுவேன் என்கிற வீட்டில் நாம் கை நனைக்கவே மாட்டோம். அங்கே அப்படி இல்லை. சாப்பிடுகிறவர் பக்கத்தில் போய் நின்றால் அது தொந்தரவு. தள்ளித்தான் நிற்பார்கள். "யொகியோ" என்று சற்றுச் சத்தமாகவே கூப்பிடு. "இங்க பாருங்க" என்கிற மாதிரி. சத்தம் போட்டுக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு இல்லை. கூப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ராத்திரி வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

என்ன வேண்டுமோ அதன் பெயரைச் சொல்லி, பின்னால் "ஜுசெயோ" போடு. கொடுங்கள் என்று அர்த்தம். நடுவில் "ஜொம்" சேர்த்தால் இன்னும் பணிவு. "முல் ஜொம் ஜுசெயோ". கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். அந்தக் 'கொஞ்சம்' அளவுக்காகச் சொல்வதில்லை. நாமும் அப்படித்தானே கேட்கிறோம்? இரண்டு டம்ளர் குடிக்கப் போகிறவனும் கொஞ்சம் என்றுதான் கேட்பான்.

சின்னச் சின்னக் கிண்ணங்களில் கிம்ச்சி, முளைப்பயறு, கீரை என்று தொட்டுக்கொள்ள வைப்பார்கள். தீர்ந்தால் "தொ ஜுசெயோ" என்று கேள். இன்னும் கொடுங்கள். அதற்குத் தனியாகக் காசு கிடையாது. நான் கடை போட்ட புதிதில் இது தெரியாமல் இரண்டாவது கிண்ணத்துக்குப் பில் போட்டேன். அடுத்த வாரம் ஒரு கொரியாக்காரன்கூடக் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு கிழ என்ஜினியர் வந்து, "கேட்டதுக்குக் காசு வாங்கினா, அப்புறம் எவன் கேப்பான்?" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு நிறுத்தினேன்.

மூத்தவர் ஸ்பூனை எடுக்கும்வரை நீ எடுக்காதே. எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால் வாங்கு. சாமான் கடைக்குக் கூட்டிப்போனால் விலை கேட்க "ஒல்மாயேயோ". குறைக்கச் சொல்ல "காக்கா ஜுசெயோ". சிரிக்காமல் சொல்லப் பழகிக்கொள். எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

பரிமாறுகிறவள் என் வயதுக்காரியாக இருந்தால் "இமோ" என்று கூப்பிடலாம். அம்மாவின் தங்கை என்று அர்த்தம். சோறு போடுகிறவள் எல்லோருக்கும் அவர்கள் வைக்கிற பெயர். என் கடையில் நரைத்த தலைகள்கூட என்னை அப்படித்தான் கூப்பிடுகின்றன. எனக்கு அது ஒன்றும் புதிது இல்லை. உன்னைப் பெற்றவள் நான், வளர்த்தவள் என் அக்கா சரசு. நம் தெருவுக்கே தெரியும், பதினைந்து வயதிலிருந்து உனக்கும் தெரியும். இருந்தும் உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் "இவங்க துபாய்ச் சித்தி" என்றுதானே காட்டினாய்.

என் கிச்சனில் இருக்கும் சப்ரீனா, சிலோன்காரி, இதை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மகளுக்கு எழுதுற கடிதமோ, சாமான்காரனுக்கு எழுதுறதோ?" என்கிறாள். அவளுக்கு வாய் அதிகம்.

நீலா


அல் கோபார்
14 அக்டோபர் 2023

சித்திக்கு,

நன்றி. விருந்து நன்றாகவே நடந்தது.

நீங்கள் சொன்னபடி "யொகியோ" என்று கூப்பிட்டேன். மூன்று மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வந்த பெண் பிலிப்பைன்ஸ்காரி. நான் கொரிய மொழியில் தண்ணீர் கேட்டதும், "மேம், இங்கிலீஷ் ப்ளீஸ்" என்றாள். சோய் மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். "என்ன சொல்றாங்க?" என்று கௌரியைக் கேட்டேன். "உனக்கு யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேக்கறாங்க" என்றார்.

என் சித்தி என்று சொன்னேன்.

வேறு எப்படிச் சொல்வேன்? கௌரிக்கு எல்லாம் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். அவர் வீட்டாருக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அன்றைக்கு வேறு மாதிரி சொல்லியிருந்தால், என்னைத் தூக்கி வளர்த்தவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அவளுக்கு வேறு பிள்ளை கிடையாது. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பச்சை மீன் வைத்தார்கள். நான் தொடவில்லை. சோய் மேடம் என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆகவே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மாதம். ஏப்ரல் கடைசி என்கிறார்கள். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, விமானத்தில் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறார். அதனால் ஊருக்குப் போகவில்லை. பிரசவத்துக்கு அம்மா இங்கே வருகிறாள். அப்பா அவளுக்கு இப்போதே பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்துவிட்டார். அம்மா பிளேனில் ஏறுவதை நினைத்து அழுகிறாள், சிரிக்கிறாள்.

நீங்கள் நலமா? கடை எப்படிப் போகிறது?

ஸ்வாதி


ராஸ் அல் கைமா
20 அக்டோபர் 2023

ஸ்வாதி,

கடை நன்றாகப் போகிறது. சிமெண்ட் ஃபேக்டரிக்குப் புது மெஷின் போட வந்தவர்கள் இன்னும் ஒரு வருடம் இருப்பார்கள்.

உன் செய்தியைப் படித்தேன். மழை வருமென்று ரேடியோவில் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறாய். இத்தனையாவது மாதம், இன்ன தேதி, இன்னார் வருகிறார்கள். நான் படித்துவிட்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். சப்ரீனா ஓடி வந்து, "என்ன அக்கா, பிரஷரோ?" என்றாள். "ஒண்ணுமில்ல, பாட்டி ஆகப் போறேன்" என்று சொன்னேன். அவள் கத்திய கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேர் எழுந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு ஜூஸ் கொடுத்து உட்கார வைத்தேன்.

சரசு வருவது நல்லது. அவளுக்குக் குளிரூட்டி ஆகாது, கம்பளி வாங்கி வை. அவள் கொண்டுவரும் மருந்துப் பொடிகளை விமான நிலையத்தில் பிடுங்குவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடு. கடைக்காரன் முன்பே நறுக்கி வைத்த இறைச்சியை வாங்காதே, கண்ணெதிரே வெட்டச் சொல்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லி வைக்கிறேன். இங்கே ரெசிடென்ஸ் இருப்பதால் சவூதி விசா எனக்குப் பெரிய விஷயம் இல்லை. போனிலேயே போட்டு வாங்கிவிடலாம். உங்கள் பக்கத்துத் தம்மாமுக்கு இங்கிருந்து ஒன்றரை மணி நேர விமானம். ஆக, விசாவும் தடை இல்லை, தூரமும் தடை இல்லை. நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாமல் வர மாட்டேன். வியாபாரத்தில் கற்றுக்கொண்டது அது. மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று "இன்னும் வேணுமா, இன்னும் வேணுமா" என்று கேட்கிறவளை யாருக்கும் பிடிக்காது.

இதைக் கோபமாக எழுதவில்லை. விவரமாக எழுதுகிறேன்.

நீலா


அல் கோபார்
9 ஜனவரி 2024

சித்திக்கு,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. எழுதி எழுதி அழித்தேன்.

நீங்கள் ஹோட்டல் நடத்துகிறீர்கள். சரி. ஆனால் நான் உங்கள் மேசையில் வந்து உட்கார்ந்த கஸ்டமர் இல்லை. பிள்ளை கூப்பிட்டால்தான் வருவேன் என்று எந்த ஊரில் சொல்வார்கள்? கொரியாவிலாவது சொல்வார்களா? சோய் மேடத்திடம் கேட்டுப் பார்க்கட்டுமா?

நான் கூப்பிட்டிருக்கிறேன். உங்களுக்கு நினைவு இருக்காது. நாலாம் வகுப்பு ஆண்டு விழா. நான் மயில் வேஷம். பூத்திலிருந்து அம்மா நம்பர் போட்டுக் கொடுத்தாள். "சித்தி, வாங்க. நான் ஆடுறேன், வாங்க" என்றேன். நீங்கள் "லீவு கெடைக்காதுடா" என்றீர்கள். ஒரு பெட்டி வந்தது. சாக்லேட், பேசுகிற பொம்மை, அம்மாவுக்கு சென்ட் பாட்டில். தெருவே வந்து பார்த்தது. அந்தப் பொம்மையை நான் திறக்கவே இல்லை. அதற்குப் பிறகு யாரையும் எதற்கும் வாங்க என்று கூப்பிட்டதில்லை. வருகிறவர்கள் வருவார்கள் என்று விட்டுவிட்டேன்.

இப்போது செய்தி. அம்மா விழுந்துவிட்டாள். மாடிப்படியில் ஈரம். இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆயிற்று. நடக்க ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். பாஸ்போர்ட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாளாம். அப்பா சொன்னார். அவளால் வர முடியாது.

கௌரியின் அம்மாவுக்கு அவர் அண்ணன் வீட்டில் வேலை இருக்கிறது. கௌரி, "ஒரு ஆள் போட்டுக்கலாம், கேரளா நர்ஸ் ஒருத்தங்க இருக்காங்க" என்கிறார். பார்த்துக்கொள்வோம். பகலில் வீட்டில் நான் மட்டும்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய காலி மனை, அதற்கு அப்பால் கடல் இருக்கிறது என்கிறார்கள். புழுதிதான் தெரிகிறது.

இது உங்களைக் கூப்பிடும் கடிதம் இல்லை. அம்மாவுக்கு நடந்ததைச் சொல்ல எழுதினேன்.

ஸ்வாதி


ராஸ் அல் கைமா
12 ஜனவரி 2024

ஸ்வாதி,

சரசுவிடம் பேசினேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு பேசுகிறோம். அவள் அழுதாள். நான் டாக்டர் பெயர், ஆஸ்பத்திரி பெயர், மருந்துப் பெயர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். அழத் தெரியாதவளுக்கு வேறு என்ன வேலை? கடைசியில் அவள், "நீ போடீ அவகிட்ட" என்றாள். "அவ கூப்பிடட்டும்" என்றேன். "இன்னும் அந்த மேடையிலதான் நிக்கிறியா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மேடை என்று அவள் சொன்னது உனக்குப் புரியும். என் பக்கத்தில் இருந்து அதை நீ கேட்டதில்லை. கேள்.

உன் கல்யாணத்தில் நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தாரை வார்க்கிற நேரம். ஐயர் நிமிர்ந்து பார்த்து, "பொண்ணோட அம்மா வாங்கோ" என்றார். நான் எழுந்துவிட்டேன். யோசிக்கவில்லை, ஸ்வாதி. யோசித்திருந்தால் எழுந்திருப்பேனா? ஐயர் கூப்பிட்டார், உடம்பு எழுந்தது. இரண்டு படி ஏறியும்விட்டேன். அதற்குள் சரசு அந்தப் பக்கமிருந்து வந்து நின்றாள். அத்தான் குனிந்து என்னிடம், "நீலா, நீ கீழ இரும்மா" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். நான் உன்னைப் பார்த்தேன். நீ கண்ணைத் தாழ்த்திக்கொண்டாய்.

பிறகு நேரே பந்திக்குப் போய்ச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டேன். கூலிக்கு வந்த பையன், "அம்மா, பட்டுச் சேலைல கொட்டிரும்மா" என்றான். கொட்டட்டும் என்றேன்.

உனக்கு மயில் வேஷம். எனக்கு அந்தப் படி. நாம் இரண்டு பேருமே ஒரு தடவைக்கு மேல் அடி வாங்காத ஜாதி. அதுதான் தொல்லை.

அந்தக் கேரளா நர்ஸின் நம்பரை அனுப்பு. நான் பேசி ஒழுங்கு செய்கிறேன். மற்றபடி உன்னிடமிருந்து எனக்கு வேண்டியது ஒரு சொல். 'வாங்க.' அது வந்தால் அடுத்த விமானம். வராவிட்டால் இங்கேதான் இருப்பேன். பிடிவாதம் என்று நினைத்தால் நினைத்துக்கொள். இன்னொரு தடவை பாதிப் படியிலிருந்து இறங்க என்னால் ஆகாது.

நீலா


அல் கோபார்
26 பிப்ரவரி 2024

தொடக்கத்தில் என்ன போட்டு எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் ஒன்றும் போடவில்லை.

குழந்தை தங்கவில்லை. இந்த மாதம் பதினோராம் தேதி ரத்தப்போக்கு. கௌரி சைட்டில் இருந்தார். சோய் மேடம்தான் காரில் கூட்டிப் போனார். அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு அவள் உள்ளங்காலைத் தொட்டேன். கௌரி மட்டும் போய் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டையை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது உங்களைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. அம்மாவிடம் வாங்கிய உங்கள் புது நம்பரை எடுத்து வைத்துக்கொண்டேன். கூப்பிடவில்லை. இப்போது கூப்பிட்டால், ஆபத்துக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று ஆகுமே என்று நினைத்தேன். அப்போதும் கணக்குத்தான் போட்டேன். உங்கள் பிள்ளைதானே.

வீட்டுக்கு வந்த பிறகு சோய் மேடம் பெரிய ஃபிளாஸ்க்கில் சூப் கொண்டு வந்தார். கடல்பாசி போட்டது. வழவழவென்று, உப்பும் எண்ணெயுமாக. பிள்ளை பெற்றவளுக்கு அவர்கள் ஊரில் கொடுப்பதாம். கௌரி தயங்கித் தயங்கி, "மேடம், குழந்தைதான் இல்லையே" என்றார். சோய் மேடத்துக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். என்னைக் காட்டி, "பேபி இல்லை. ஆனால் இவள் மதர். இவள் சாப்பிட வேண்டும்" என்றார். அவ்வளவுதான். என் கையில் ஸ்பூனைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். பிள்ளை கையில் இல்லாதவளும் தாய்தான் என்று எனக்கு அந்த அம்மா சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. உங்களை நினைத்துக்கொண்டேன். வேறு யாரை நினைப்பேன்?

முழுக் கிண்ணமும் குடித்தேன். குடித்துவிட்டு, "தொ ஜுசெயோ" என்றேன். இன்னும் கொடுங்கள் என்று. சொன்ன பிறகு அழுகையை நிறுத்த முடியவில்லை. கௌரி பயந்துவிட்டார். எதற்கு அழுதேன் என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை. உங்களிடம் சொல்கிறேன். பிறந்ததிலிருந்து நான் 'இன்னும்' என்று யாரிடமும் கேட்டதில்லை. அம்மா எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. தட்டு நிறையப் போடுவாள். ஆனாலும், எடுத்து வளர்க்கிறவர்களிடம் இன்னும் கொஞ்சம் என்று கேட்கக்கூடாது என்று எனக்குள் ஏதோ ஒன்று சிறு வயதிலேயே சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாக வந்தது.

அந்தப் படியில் நீங்கள் ஏறியதைப் பார்த்தேன். ஏறிவிடுவீர்களோ என்று பயந்தேன். இறங்கிவிடுவீர்களோ என்றும் பயந்தேன். அதனால்தான் குனிந்துகொண்டேன். வேறொன்றும் இல்லை.

இனி இங்கே குளிப்பாட்டக் குழந்தை இல்லை. பத்தியம் வைக்க வேண்டியதில்லை. தொட்டில் துணிகளைக் கௌரி எடுத்து எங்கேயோ வைத்துவிட்டார். நர்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சமையலைக் கௌரியே செய்துவிடுகிறார், உப்பு ஒரு நாள் அதிகம், ஒரு நாள் இல்லை. உங்களுக்கு இங்கே செய்வதற்கு ஒரு வேலையும் கிடையாது.

இருந்தாலும் வாங்க.

ஸ்வாதி


ராஸ் அல் கைமா
27 பிப்ரவரி 2024

ஸ்வாதி,

விசா வந்துவிட்டது. நாளைக் காலை விமானம். கௌரியை ஏர்போர்ட்டுக்கு அனுப்பாதே. அவர் உன் பக்கத்தில் இருக்கட்டும். எனக்கு டாக்ஸிக்காரனோடு பேசத் தெரியும். வீட்டு முகவரியை மட்டும் அனுப்பு.

கடையைச் சப்ரீனாவிடம் விட்டிருக்கிறேன். எப்போது திரும்புவேன் என்று கேட்டாள். தெரியாது என்றேன். பதினேழு வருடத்தில் நான் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. "கலாஸ், சரி, போயிட்டு வாங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். சமையலுக்கு வேண்டிய வெங்காயம் எல்லாம் காலையிலேயே உரித்தாயிற்று.

பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன எடுத்து வைப்பது? எந்த வீட்டுக்கும் நான் பெட்டி இல்லாமல் போனதில்லை. உள்ளே நுழைகிறவள் கையில் ஏதாவது இருந்தால்தான் அந்த வீட்டில் அவளுக்கு இடம் என்று நினைத்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். கருவாடு எடுத்தேன், திரும்ப வைத்தேன். பேரீச்சம்பழம் எடுத்தேன், உங்கள் ஊரில் இல்லாததா என்று அதையும் வைத்துவிட்டேன். கடைசியில் இரண்டு புடவையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான்.

அவள் யார் சாடை என்று நீ எழுதவில்லை. சொல்ல முடிகிற அன்றைக்குச் சொல். சொல்ல முடியாவிட்டால் விடு.

நீ என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் சரி. சித்தி என்றால் சித்தி. சரசுவிடமிருந்து ஒரு சொல்லைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போக எனக்கு இனி மனம் இல்லை. அவளும் அங்கே பேத்தியைப் பறிகொடுத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறாள். தினமும் சாயங்காலம் நாம் இரண்டு பேருமாக அவளுக்குப் போன் போடுவோம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். 'வாங்க' என்கிற ஒரு சொல்லைத் தவிர உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை, கேட்கிற உரிமையும் எனக்கு எவ்வளவு இருக்கிறதென்று தெரியாது. லீவு முடிந்து நான் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் நீ உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய். நான் வெளியே நின்று, "போயிட்டு வரேன்" என்று கதவிடம் சொல்லிவிட்டுப் போவேன். இந்தத் தடவை அழுகை வந்தால் உள்ளே போகாதே, கண்ணு. கொஞ்சம் கூடத்திலேயே உட்கார்ந்து அழு. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நீலா